அவசரக்காரர்களின் கடை

டோக்கியோவில் எந்த ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு ராமென் கடை இருக்கும். பல கடைகளின் வாசலில் டோக்கன் இயந்திரம் நிற்கிறது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு விழும். இடப்பக்கம் மேல்வரிசையில் முதலாவதாக இருக்கும் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் பேர்போன சரக்கு. உள்ளே ஒரே நீள மேடை, அதை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு முக்காலி, மேடைக்கு அப்பால் கைநீட்டினால் தொடும் தூரத்தில் சமையல்காரர். சீட்டை மேடைமேல் வைக்க வேண்டியதுதான், நீளக் கைப்பிடி போட்ட வலைக்கூடையில் நூடுல்ஸ் கொதிநீருக்குள் இறங்கிவிடும். அது வேகும் நேரத்துக்குள் கிண்ணத்தில் சூப் தயாராகிவிடும். கூடையைத் தூக்கி, கையை ஒரு வெட்டு வெட்டித் தண்ணீரை உதறி, கிண்ணத்தில் கவிழ்த்து, மேலே பன்றியிறைச்சித் துண்டும் ஊறிய மூங்கில் குருத்தும் வெங்காயத்தாளும் வைத்து நீட்டிவிடுவார். சாப்பிடுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை; உறிஞ்சும் ஓசைதான் கேட்கும். முடித்தவர் கிண்ணத்தைத் தூக்கி மேடையின் மேல்தட்டில் வைத்து, தான் சாப்பிட்ட இடத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் போகிறார். பயண வழிகாட்டிகள் இதை ஒரு சடங்குபோல விவரிக்கின்றன. ஜென் மரபு, தேநீர்ச் சடங்கு, உணவின்மேல் ஜப்பானியருக்கு உள்ள பக்தி என்று காரணங்களையும் அடுக்குகின்றன. எனக்கு அந்தக் காரணங்களில் நம்பிக்கை இல்லை. இந்தக் கடையின் ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது மடாலயமணி அன்று, ஆலைச் சங்கு. மேடையின் நீளம், சூப்பின் உப்பு, கொழுப்பின் அளவு, விலை, வேகம், மௌனம் எல்லாமே வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களும் வீட்டில் அடுப்பு இல்லாதவர்களும் சட்டைப்பையில் சில்லறை மட்டும் வைத்திருந்தவர்களும் ஏறக்குறைய நூறாண்டுகளில் செதுக்கியவை.

இதை மறுப்பவர்கள் முதலில் பழமையைக் காட்டுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் மிட்டோ பகுதியை ஆண்ட டொகுகாவா மிட்சுகுனி, தன்னிடம் அடைக்கலமாக வந்திருந்த சீன அறிஞர் ஜு ஷுன்சுய் சொல்லிக்கொடுத்த முறையில் சீன நூடுல்ஸ் செய்து சாப்பிட்டார் என்பது வெகுகாலம் சொல்லப்பட்ட கதை. அண்மையில் அதற்கும் முந்தைய சான்று ஒன்றைக் காட்டுகிறார்கள்: 1488ஆம் ஆண்டுவாக்கில் கியோட்டோவின் ஜென் துறவி ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பில், காரநீர் சேர்த்துப் பிசைந்த நூடுல்ஸ் விருந்தினருக்குப் பரிமாறப்பட்ட செய்தி இருக்கிறது. இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். அவற்றால் என்ன தெரிகிறது? ஒரு பிரபுவும் சில துறவிகளும் ஒருமுறை எதைச் சாப்பிட்டார்கள் என்று தெரிகிறது. அந்தச் சாப்பாட்டிலிருந்து இன்றைய கடை வரை நீளும் தொடர்ச்சி எதுவும் கிடையாது. நடுவில் பல நூற்றாண்டு வெற்றிடம். பிரபுவின் அடுக்களையில் யாரும் டோக்கன் வாங்கவில்லை, அடுத்த ஆளுக்காக முக்காலியைக் காலி செய்யவும் இல்லை. நமக்கு வேண்டிய வரலாறு நூடுல்ஸின் வரலாறு அன்று, கடையின் வரலாறு.

அந்தக் கடை துறைமுகத்தில் தொடங்குகிறது. 1859இல் யோகோஹாமா, நாகசாகி, ஹகோதாதே ஆகிய துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. ஐரோப்பிய வணிக நிறுவனங்களோடு அவற்றின் சீனக் கணக்கர்களும் தரகர்களும் சமையல்காரர்களும் வந்து இறங்கினார்கள். யோகோஹாமாவில் அவர்கள் குடியேறிய பகுதிக்கு நான்கின்மாச்சி என்று பெயர். அங்கே கப்பல் தொழிலாளர்களும் சுமைகூலிகளும் சாப்பிட்ட, எலும்பு வேகவைத்த சூப்பில் போட்ட நூடுல்ஸ் ஜப்பானியருக்குப் புதுமை. 675ஆம் ஆண்டு தெம்மு பேரரசரின் ஆணையில் தொடங்கி நெடுங்காலம் நாற்கால் விலங்குகளின் இறைச்சியை வெளிப்படையாக உண்ணத் தயங்கிய சமூகம் அது. பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்கிறார் என்ற அறிவிப்பே 1872இல்தான் வந்தது. 1899இல் வெளிநாட்டார் குடியிருப்புகளின் எல்லை நீக்கப்பட்டபின் சீனச் சமையல் துறைமுகத்தைத் தாண்டி ஊருக்குள் நடந்தது. 1910இல் ஓசாகி கான்இச்சி என்பவர் டோக்கியோவின் அசாகுசாவில் ராய்ராய்கென் என்ற கடையைத் திறந்தார். முன்பு யோகோஹாமா சுங்கத்துறையில் வேலை பார்த்தவர். நான்கின்மாச்சியிலிருந்து பன்னிரண்டு சீனச் சமையல்காரர்களைக் கூட்டிவந்தார். சோயா சாறு கலந்த சூப்பில் நூடுல்ஸ், வான்டன், ஷுமாய். பண்டிகை நாள்களில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள் என்கிறார்கள். இடத்தைக் கவனியுங்கள். ஜப்பானின் முதல் நிரந்தரத் திரையரங்கு 1903இல் அசாகுசாவில்தான் வந்தது. பன்னிரண்டு மாடிக் கோபுரம் ஒன்று அங்கே நின்றது. மலிவு நாடகம், மலிவுச் சாராயம், மலிவான எல்லாமும் அங்கே கிடைத்தன. கடைப்பையன்களும் ஆலைத் தொழிலாளர்களும் விடுமுறை நாளில் கூடும் பேட்டை. பணக்காரர்களுக்கான சீன உணவகங்கள் டோக்கியோவில் அதற்கு முன்பே இருந்தன. ஓசாகியின் கண்டுபிடிப்பு சமையலில் இல்லை. சில காசுக்கு ஒரு கிண்ணம், சாப்பிட்டவுடன் இடம் காலி என்ற கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்கு பலித்ததற்கு ராமெனின் உள்ளமைப்பே காரணம். இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு கிண்ணம் ராமென் ஒரே பாத்திரத்தில் சமைக்கப்படுவதில்லை. தனித்தனியாக முன்பே செய்துவைத்தவற்றைக் கடைசி நிமிடத்தில் கூட்டுவதுதான் அது. கிண்ணத்தின் அடியில் முதலில் விழுவது 'தாரே' என்கிற, உப்பும் சோயாவும் செறிந்த கெட்டிச் சாறு. ஒரு கரண்டி போதும். அதன்மேல் மணக்க ஒரு சொட்டு எண்ணெய். பிறகு கோழி, பன்றி எலும்பும் காய்ந்த மீனும் போட்டு விடியற்காலையிலிருந்து அடுப்பில் கிடக்கும் சூப். பிறகு நூடுல்ஸ். எலும்பு என்பது இறைச்சிக்கடைக்காரர் கழித்துப் போடும் சரக்கு. நூடுல்ஸ் பெரும்பாலும் வெளியே பட்டறையிலிருந்து வருவது. மாவைத் தகடாக உருட்டி வெட்டும் இயந்திரம் 1880களிலேயே ஜப்பானில் உருவாகிவிட்டது. ஆர்டர் வந்தபின் அடுப்பில் நடக்கும் ஒரே வேலை நூடுல்ஸை வேகவைப்பதுதான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாவில் 'கன்சுய்' என்ற காரநீர் சேர்க்கிறார்கள். சோடியம், பொட்டாசியம் கார்பனேட் கரைத்த நீர். நம் வீட்டு அப்பளக்காரம் உளுந்து மாவுக்குச் செய்கிற உபகாரத்தை அது கோதுமை மாவுக்குச் செய்கிறது: மாவின் பசை இறுகுகிறது, நிறம் லேசாக மஞ்சளாகிறது, கடித்தால் இழுவை கிடைக்கிறது, கொதிக்கும் சூப்பில் சட்டென்று குழையாது. ஆனாலும் சில நிமிடங்கள்தான். அதற்குமேல் கிடந்தால் ஊதிப்போகும். ஆக, வேகமாகத் தயாராவதும் வேகமாகச் சாப்பிட்டாக வேண்டியதும் பண்டத்திலேயே பொதிந்திருக்கின்றன. உறிஞ்சிச் சாப்பிடுவதும் அதன் பகுதிதான். சூடு ஆறும்வரை காத்திருந்தால் நூடுல்ஸ் கெடும். காற்றோடு சேர்த்து இழுத்தால் வாய் வேகாது, நேரமும் மிச்சம்.

சாப்பிட வந்தவர்கள் யார்? முதல் உலகப்போர்க் கால ஏற்றுமதிப் பெருக்கத்தில் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஆலைகள் பெருகின. கிராமத்து இளைஞர்கள் ஒற்றை அறைகளில் வந்து அடைந்தார்கள். 1918இல் அரிசி விலை எகிறி, தோயாமா கடற்கரை மீனவப் பெண்கள் தொடங்கிய போராட்டம் நாடெங்கும் கலவரமாகப் பரவி, அமைச்சரவையே கவிழ்ந்தது. அதையொட்டி நகராட்சிகள் மலிவு உணவகங்களைத் திறந்தன. அடுப்பில்லாத மக்கள்தொகை ஒன்று உருவாகிவிட்டதை அரசே ஒப்புக்கொண்ட செயல் அது. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் அழித்தன. லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். கடை இழந்த சமையல்காரர்கள் தள்ளுவண்டியோடு தெருவுக்கு வந்தார்கள், பலர் வெளியூர்களுக்குப் போய்க் கடை போட்டார்கள். இரவில் 'சாருமேரா' என்ற சிறு குழலை ஊதிக்கொண்டு வரும் நூடுல்ஸ் வண்டி நகரத்தின் அடையாளமானது. வடக்கே சப்போரோவில், 1922இல், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த டகேயா என்ற சாப்பாட்டுக் கடையில் வாங் வென்ட்சாய் என்ற சீனச் சமையல்காரர் நூடுல்ஸ் போடத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் படித்த சீன மாணவர்கள் தொடக்க வாடிக்கையாளர்கள். 1936இல் யசுஜிரோ ஓசு எடுத்த 'ஒரே மகன்' படத்தில், பட்டு ஆலையில் உழைத்துப் படிக்கவைத்த தாய் டோக்கியோவுக்கு வருகிறாள். இரவுப் பள்ளி ஆசிரியராகத் தேங்கிவிட்ட மகன் அவளுக்குத் தெருவண்டியிலிருந்து சீன நூடுல்ஸ் வாங்கித் தருகிறான். அந்தக் கிண்ணம் திரையில் வந்ததுமே அவன் பொருளாதார நிலை பார்வையாளர்களுக்குப் புரிந்துவிடும் என்று ஓசுவுக்குத் தெரிந்திருந்தது. 1962இல் அவர் எடுத்த கடைசிப் படத்திலும், வாழ்ந்து கெட்ட பழைய பள்ளி ஆசிரியர் பிழைப்புக்கு நடத்துவது ஓர் அழுக்கடைந்த சீன நூடுல்ஸ் கடை. பழைய மாணவர்கள் அங்கே வந்து சங்கடப்படுகிறார்கள்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நின்றபடி சாப்பிடுவதும் நூடுல்ஸை உறிஞ்சுவதும் இரவு வண்டிகளும் டோக்கியோ எடோ என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே இருந்தவைதானே? அப்போது பெரும்பாலும் விற்றது ராமென் அல்ல, பக்வீட் தானிய மாவில் செய்த சோபா. ஆனால் பழக்கம் அதேதான். 1686இலேயே தீயை ஏந்தி இரவில் தெருவில் நூடுல்ஸ் விற்பதை ஷோகன் அரசு தடைசெய்திருக்கிறது என்றால் எவ்வளவு வண்டிகள் ஓடியிருக்கும்! மறுக்க வேண்டியதில்லை. ராமென் வண்டி சோபா வண்டியின் தடத்தில்தான் உருண்டது. ஆனால் எடோ எப்படிப்பட்ட நகரம்? பிரபுக்களின் மாளிகைகளுக்குப் பணிசெய்ய வந்த வீரர்களும், அடிக்கடி எரியும் நகரத்தைத் திரும்பத் திரும்பக் கட்டிய தச்சர்களும், கூலியாட்களும் குவிந்திருந்த, பெண்களைவிட ஆண்கள் மிக அதிகமாக இருந்த ஊர். தனியாக வாழ்ந்த ஆண் தொழிலாளியின் பசிதான் சோபா வண்டியையும் உருவாக்கியது. இந்த மறுப்பு என் வாதத்தை நூறாண்டிலிருந்து முந்நூறாண்டுக்குப் பின்னால் நீட்டிக்கிறதே தவிர, உடைக்கவில்லை. சோபாவுக்கும் ராமெனுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. சோபா இலகுவான உணவு, கொழுப்பு கிடையாது. ஆலையில் பத்து மணிநேரம் நின்றவனுக்கு எலும்புச் சூப்பும் இறைச்சித் துண்டும் தேவைப்பட்டன.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. ராமெனை ஜப்பானின் தேசிய உணவாக்கியது தொழிலாளி அல்ல, அமெரிக்கக் கோதுமை என்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சோல்ட் 2014இல் வெளியிட்ட நூலில், போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்புக் கால உணவு அரசியலை விரிவாக எழுதியிருக்கிறார்; அதைப் படித்தவர்கள் எளிதில் வந்துசேரும் முடிவு இது. உண்மைகளைப் பார்ப்போம். 1941 ஏப்ரலில் பெருநகரங்களில் அரிசி ரேஷன் வந்தது. வயதுவந்த ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 330 கிராம். 1945இல் போர் தோற்று, கொரியாவும் தைவானும் கைவிட்டுப்போய், அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. அந்த ஆண்டு விளைச்சலும் மோசம். ரேஷன் பல நாள் தாமதமாக வந்தது, வந்ததும் போதவில்லை. கள்ளச்சந்தை இல்லாமல் நகரவாசி உயிர்வாழ முடியாது என்பது ஊரறிந்த சங்கதி. கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்த டோக்கியோ மாவட்ட நீதிபதி யமாகுச்சி யோஷிததா, தண்டிக்கும் தானே அதை உண்பது தகாது என்று ரேஷனோடு நிறுத்திக்கொண்டு, 1947 அக்டோபரில் ஊட்டமில்லாமல் இறந்தே போனார். அதே ஆண்டு ஜூலையில் உணவகங்களை மூடச் சொல்லி அரசு ஆணையிட்டது. ரேஷன் சீட்டுக்குச் சாப்பாடு தரும் கடைகள், தேநீர்க் கடைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் அமெரிக்காவிலிருந்து நிவாரணமாக வந்த கோதுமை மாவு கள்ளச்சந்தைக்குக் கசிந்தது. ரயில் நிலையங்களைச் சுற்றி முளைத்த வண்டிகளில் அது நூடுல்ஸாகவும், மஞ்சூரியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பழக்கிய கியோசா கொழுக்கட்டையாகவும் மாறியது. போலீஸ் பிடித்தது, வண்டிகள் மறுநாள் வேறு மூலையில் நின்றன. பூண்டும் பன்றிக்கொழுப்பும் மணக்கும் அந்தக் கிண்ணத்துக்கு 'தெம்பு தரும் சாப்பாடு' என்ற பெயர் கிடைத்தது பட்டினிக் காலத்தில்தான்.

மாவு அமெரிக்காவுடையது, சரி. ஆனால் அமெரிக்கா விரும்பியது ராமெனை அல்லவே. அது விரும்பியது ரொட்டியை. பள்ளி மதிய உணவில் ரொட்டியும் பால்பொடியும் வந்தன. 1954இல் அமெரிக்கா தன் உபரித் தானியத்தை வெளிநாடுகளுக்குத் தள்ளிவிட இயற்றிய பொதுச்சட்டம் 480இன் கீழ் ஜப்பான் கோதுமை வாங்கியது. 1956இல் இந்தியா கையெழுத்திட்டதும் அதே சட்டத்தின்கீழ்தான், பி.எல். 480 கோதுமை என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். ஆரெகன் மாநிலக் கோதுமை விவசாயிகள் சங்கத்தின் வழியாக வந்த பணத்தில் ஜப்பானியக் கிராமங்களில் சமையலறை பொருத்திய பேருந்துகள் ஓடி, ரொட்டியும் வறுவலும் செய்துகாட்டின. மாவு மட்டுமே விதியை எழுதியிருந்தால் ஜப்பான் முழுக்க ரொட்டிக்கடை நாடாகியிருக்கும். அரிசியும் உடனே தோற்றுவிடவில்லை. ஆள்வீதம் அரிசி நுகர்வு 1962இல்தான் உச்சம் தொட்டது, ஆண்டுக்கு 118 கிலோ. மாவை ராமெனாக்கியது முன்பே இருந்த கடை வடிவமும், அந்த வடிவத்தைத் தேடிய ஆட்களும்தான். 1958இல் உடனடி ராமெனை உருவாக்கிய, தைவானில் பிறந்த அன்டோ மொமொஃபுகு இதே கேள்வியில்தான் தொடங்கினார்: கிழக்கத்திய மக்களுக்கு நூடுல்ஸ் இருக்க, எதற்காக ரொட்டியைத் திணிக்க வேண்டும்? போர் முடிந்ததும் ஒசாகாவில் ஒரு நூடுல்ஸ் வண்டியின் முன்னால் குளிரில் நின்ற நீள வரிசை தன் மனதை விட்டு அகலவில்லை என்று அவர் சொல்லிவந்தார். அவருடைய முதல் பாக்கெட் 35 யென். அப்போது கடையில் ஒரு கட்டு உடோன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்தது. அவ்வளவு விலை வேறுபாடு இருந்தும் விற்றதென்றால், மக்கள் காசு கொடுத்து வாங்கியது நேரத்தை.

1950களிலும் 60களிலும் ராமென் கடை இன்றைய முகத்தைப் பெற்றது. அது முழுக்க முழுக்க வேலையிடங்களின் கைவரிசை. ஃபுகுவோகாவின் நாகஹாமா மீன் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு நடுவே ஓடிவரும் ஆட்களுக்கு நூடுல்ஸ் வேகக் காத்திருக்க நேரமில்லை. அதனால் இழை மெல்லியதானது. மெல்லிய இழை சீக்கிரம் ஊறிவிடும். அதனால் அளவு குறைந்தது. குறைந்த அளவு பசி அடக்காது. அதனால் சூப்பை மிச்சம் வைத்து நூடுல்ஸை மட்டும் மறுபடி வாங்கும் 'கயேதாமா' வந்தது. இன்று அதை ஃபுகுவோகாவின் ஹகாதா வட்டாரப் பண்பாடு என்கிறார்கள். டோக்கியோவின் தைஷோகென் கடையில் யமாகிஷி கசுஓ 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ட்சுகெமென்', அதாவது நூடுல்ஸைத் தனியே வைத்துச் சூப்பில் தோய்த்துச் சாப்பிடும் வகை, கடைப்பணியாளர்கள் மிஞ்சிய நூடுல்ஸைக் கோப்பைச் சூப்பில் தோய்த்துத் தின்றதிலிருந்து வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துத் தனக்கும் கேட்டார். சப்போரோவில் மிசோ சூப், குளிரில் வேலை முடித்து வருகிறவர்களுக்காகக் கொழுப்பை மேலே மிதக்கவிட்டுச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டது. ஃபுகுஷிமாவின் கிதாகாதாவில் காலையிலேயே ராமென் சாப்பிடும் வழக்கத்துக்கு, இரவுப்பணி முடிந்து வரும் தொழிலாளர்களைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 1964 ஒலிம்பிக்குக்காக டோக்கியோ தலைகீழாகத் தோண்டப்பட்டபோது வடகிழக்கு மாகாணங்களிலிருந்து வந்த கட்டடக் கூலிகளும், இரவெல்லாம் லாரி ஓட்டியவர்களும், தேர்வுக்குப் படித்த மாணவர்களும் கடையை நிரப்பினார்கள். 1968இல் தொடங்கி, பிறகு கெய்யோ பல்கலைக்கழகத்தை ஒட்டி நிலைகொண்ட 'ராமென் ஜிரோ' கடையில் மலைபோலக் குவித்துத் தரும் கிண்ணமும், "பூண்டு போடவா?" என்ற ஒற்றைக் கேள்வியும் மாணவர் வயிற்றுக்காக ஏற்பட்டவை. பேச்சு குறைந்ததற்கு வேறு மர்மம் எதுவும் தேவையில்லை. பெரும்பாலும் தனியாக வந்த ஆண்கள். பக்கத்தில் இருப்பவர் தெரியாதவர். பேச ஆள் இல்லை. பெண்கள் தனியே நுழையத் தயங்கிய இடமாக 1980கள் வரை அது இருந்தது என்பதே அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று காட்டிவிடுகிறது.

பக்தி எப்போது வந்தது? என் கணிப்பில் 1985இல், அதுவும் நகைச்சுவையாக. ஜூசோ இதாமி எடுத்த 'டம்போபோ' படத்தின் தொடக்கப் பகுதியில், நாற்பதாண்டு ராமென் ஆராய்ச்சி செய்த ஒரு முதியவர், கிண்ணத்தை எப்படிப் பார்க்க வேண்டும், இறைச்சித் துண்டை எப்படிச் சாப்ஸ்டிக்கால் வருட வேண்டும் என்று ஓர் இளைஞனுக்கு உபதேசம் செய்கிறார். தேநீர்ச் சடங்கின் முகபாவத்தை லாரி ஓட்டுநர் சாப்பாட்டுக்குப் பொருத்தினால் வரும் அபத்தம்தான் அந்தக் காட்சியின் சிரிப்பு. பார்வையாளர்கள் சிரித்தார்கள் என்றால், அப்போது ராமெனுக்கு அப்படி ஒரு சடங்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் வந்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டு உபதேசத்தை எடுத்துக்கொண்டார்கள். 1994இல் யோகோஹாமாவில் திறந்த ராமென் அருங்காட்சியகம் 1958ஆம் ஆண்டுத் தெருவைப் பூமிக்கடியில் கட்டிக் காட்டியது. 1976இல் நடத்த வாரிசின்றி மூடப்பட்ட ராய்ராய்கென் 2020இல் அங்கேதான் மறுபடி திறக்கப்பட்டது. சிவப்புப் பலகையும், கிண்ண விளிம்பில் சதுரச் சுருள் கோலமும், வெள்ளைச் சட்டையுமாக இருந்த கடைகள் கறுப்புச் சுவரும் தூரிகை எழுத்தும் கைவினைஞர் அணியும் 'சாமுஎ' உடையுமாக மாறின. சீனத் தோற்றத்தின் தடயங்கள் கண்ணிலிருந்து மறைந்த அதே ஆண்டுகளில் பண்டைய ஜப்பானிய மரபு பற்றிய பேச்சு கூடியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2015 டிசம்பரில் டோக்கியோ சுகாமோவின் 'ட்சுதா' என்ற ஒன்பது இருக்கைக் கடை மிஷலின் நட்சத்திரம் பெற்ற முதல் ராமென் கடையானது.

அப்படியானால் இன்று ஒரு மணிநேரம் வரிசையில் நிற்பவர்கள் அவசரக்காரர்கள் இல்லையே, உன் வாதம் பழங்கதை ஆகிவிட்டதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வரிசையில் நிற்பவர்களில் பலர் ஓய்வுநேர ரசிகர்கள், சுற்றுலாப் பயணிகள். அவர்களிடம் நேரம் இருக்கிறது. ஆனாலும் முக்காலியில் உட்கார்ந்ததும் அவர்களும் கடகடவென்று சாப்பிட்டு எழுகிறார்கள். ரசிகர் வந்து கடையை மாற்றவில்லை, கடைதான் ரசிகருக்குத் தன் பழைய ஒழுங்கைப் போட்டுவிட்டது. ஃபுகுவோகாவின் இச்சிரான் நிறுவனம் 1990களில் மேடையைத் தடுப்புகள் வைத்துத் தனித்தனிக் கூண்டாக்கியபோது, சுவையில் கவனம் குவிவதற்காக என்றது. ஆனால் அந்தக் கூண்டு புதிதாக எதையும் தொடங்கவில்லை. தனியாளாக வந்து, பேசாமல் தின்று, எழுந்து போன பழைய தொழிலாளியின் இடத்துக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தது.

இன்னும் உறுதியான சான்று விலையில் இருக்கிறது. ஜப்பானிய வணிகப் பத்திரிகைகள் சில ஆண்டுகளாக 'ஆயிரம் யென் சுவர்' என்று எழுதிவருகின்றன. கோதுமை, பன்றியிறைச்சி, எரிவாயு, கூலி எல்லாம் ஏறினாலும் ஒரு கிண்ணம் 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். பதினெட்டு மணிநேரம் வெந்த எலும்பும் நட்சத்திரமும் சமையல்காரரின் புகழும் அந்த எண்ணுக்கு முன்னால் எடுபடுவதில்லை. சுஷிக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது, பிரெஞ்சு உணவுக்கும் கிடையாது. நியூயார்க்கில் அதே ராமென் இருபது டாலருக்குப் போகிறது, யாரும் கேட்பதில்லை. ஜப்பானியர் மட்டும் அதை இன்னும் கூலிக்காரரின் மதியச் சாப்பாட்டுக் கணக்கிலேயே அளக்கிறார்கள். அந்தக் கணக்கு அநியாயம் என்று கடைக்காரர்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. அவர்களும் அதிகாலையில் எழுந்து எலும்பு உடைக்கிற தொழிலாளிகள்தான், தனியாள் நடத்தும் சிறு கடைகள் இந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் மூடிக்கொண்டும் இருக்கின்றன. விலையை ஏற்றிய சில கடைகள் தாக்குப்பிடித்து நிற்கின்றன. என்னைக் கேட்டால் அவை ஏற்றியதே சரி. மலிவுச் சாப்பாட்டின் செலவை மேடைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மட்டும் நூறாண்டாகச் சுமந்தது போதும்.